நுரையில் பிறந்தவன்

அவன் முட்டையாக விழுந்தது ஆவணி மாதத்து ஒரு காலையில். பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறை. துணி ஊறவைக்கும் நீல டப்பில் அரைச்சாண் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் போட்டிருந்த வாதாங்கொட்டை மரத்துச் சருகு, இரண்டு நாளில் தண்ணீரைப் பால் விடாத டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. தெர்மாகோல் கப் ஒன்றை நெடுக்காகப் பிளந்து ஓரத்தில் கவிழ்த்து மிதக்கவிட்டிருந்தேன். அந்தக் கூரைக்கு அடியில் அவனுடைய தகப்பன் முந்தின நாளிலிருந்து நுரை கட்டிக்கொண்டிருந்தான். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்குவான். வாயிலுள்ள பசையைக் கூட்டி அதைக் குமிழாக விடுவான். மறுபடி மேலே வருவான். உள்ளங்கை அகலத்துக்கு நுரை திரண்டிருந்தது.

தகப்பன் தன் உடலை வளைத்துத் தாயைச் சுற்றிக்கொண்டான். சில விநாடிகள் இரண்டும் அசையவில்லை. பிடி தளர்ந்ததும் தாய் மயங்கியவள்போல் பக்கவாட்டில் மிதந்தாள். அவள் அடியிலிருந்து முட்டைகள் வெள்ளை ரவையாக உதிர்ந்தன. தகப்பன் தலைகீழாகப் பாய்ந்தான். தரையைத் தொடப்போவதையும் தொட்டுவிட்டதையும் ஒன்று விடாமல் பொறுக்கினான். வாய் நிறைய எடுத்துப்போய் நுரைக்குள் ஊதி ஒட்டினான். மறுபடி அணைப்பு, மறுபடி உதிர்வு, மறுபடி பொறுக்கல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இது நடந்தது. அந்த ரவைகளில் ஒன்றுதான் அவன்.

சென்னையில் இந்த மீனை ‘ஃபைட்டர்’ என்றுதான் கேட்டு வாங்குவார்கள். புத்தகங்களில் ‘பெட்டா’. தாய்லாந்தில் ‘பிளா கட்’, அதாவது ‘கடிக்கும் மீன்’. சென்னையிலும் தாய்லாந்திலும் சண்டையை வைத்துத்தான் அதற்குப் பெயர். ஆனால் டப்பின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும், அந்த வாய் கடிப்பதற்காக மட்டும் அமைந்ததல்ல. இந்த மீன் தன் வாழ்நாளில் செய்கிற ஆகப் பெரிய உழைப்பு கூடு கட்டுவதும் குஞ்சு காப்பதும்தான். சண்டையை அதற்கு முழுநேரத் தொழிலாக்கியவர்கள் மனிதர்கள். இதைச் சொல்லத்தான் ஒரு குஞ்சின் பயணத்தைப் பின்தொடர்ந்து எழுதுகிறேன்.

ஜோடி வாங்கக் கொளத்தூருக்குப் போயிருந்தேன். வண்ண மீன் என்றால் தமிழ்நாடு முழுக்க அந்த வடசென்னைப் பகுதியைத்தான் கை காட்டும். தெருவுக்குத் தெரு கடைகள். வீட்டு முற்றத்திலும் மாடியிலும் சிமெண்ட் தொட்டிகள். குடும்பம் குடும்பமாக அதே வேலை. நான் போன வீட்டுக்காரர் மீனைக் காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை பாட்டில் வச்சிருக்க தம்பி?”

“பாட்டில் எதுக்குண்ணே?”

“முட்டை விடுறது மீனோட வேலை. அது ஒரு காலைல முடிஞ்சிடும். பாட்டில் கழுவுறதுதான் உன் வேலை. அது மாசக்கணக்கு. மொதல்ல பாட்டில் சேத்து வை. அப்புறம் ஜோடி சேக்கலாம்.”

ஜோடியைக் கையில் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதன் முழு எடை புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

பாட்டில்கள் சேர்ந்த பிறகு ஜோடி வந்தது. பத்து நாள் தனித்தனியாக வைத்துக் கொசுப்புழுவும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரும் கொடுத்துத் தேற்றினேன். பெட்டையின் வயிறு பருத்து, அடிவயிற்றில் வெள்ளைப் புள்ளி துருத்தியது. உடம்பில் செங்குத்தாகப் பட்டைகள் தெரிந்தால் அவள் தயார். பட்டைகள் படுக்கைவாட்டில் ஓடினால் அவள் மிரண்டிருக்கிறாள், அன்றைக்குச் சேர்க்கக் கூடாது. முதல் நாள் அவளை அடி நறுக்கிய கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு டப்பின் நடுவே நிறுத்தினேன். தகப்பன் அவளைப் பார்த்துக்கொண்டே கூடு கட்டினான். மறுநாள் பாட்டிலைத் தூக்கினேன். முட்டையிட்டு முடிந்ததும் தகப்பன் அவளைத் துரத்தத் தொடங்கினான். கூட்டின் பக்கம் யாரும் வரக்கூடாது, முட்டை கொடுத்தவளும் கூட. உடனே அவளை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் துடுப்பு கிழிந்துவிடும்.

அதன் பிறகு தகப்பன் உறங்கியதாக எனக்குத் தெரியவில்லை. உடைந்த குமிழுக்குப் பதில் புதுக் குமிழ் வைத்தான். கருப் பிடிக்காத முட்டையைத் தின்று அப்புறப்படுத்தினான். தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரை நாளில் நுரைக்கு அடியில் வால்கள் தெரிந்தன. கண்ணிமை மயிரைக் கத்தரித்துத் தொங்கவிட்டதுபோல் நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகள், தலை மேலாக, வால் கீழாக. அவ்வப்போது ஒன்று பிடி நழுவிச் சுழன்று கீழே போகும். தகப்பன் பாய்ந்து வாயில் கவ்வி, மேலே வந்து, நுரைக்குள் துப்புவான். ஒரு குஞ்சை ஐந்து முறை அப்படித் தூக்கி வைத்ததைப் பார்த்தேன். நம் கதைநாயகன் எத்தனை முறை விழுந்தானோ, தகப்பன் வாய்தான் அறியும்.

நாலாம் நாள் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கின. வயிற்றில் ஒட்டியிருந்த கரு உணவு தீர்ந்து, இனி இரை தேட வேண்டும் என்பதற்கு அடையாளம் அது. கூடு இனித் தேவையில்லை. பசித்த தகப்பன் குஞ்சுகளையே இரையென்று எண்ணிவிடக்கூடும் என்பதால் அன்றைக்கே அவனை வலையில் அள்ளினேன். அவன் உடம்பு இளைத்திருந்தது. குஞ்சுகளுக்கும் தகப்பனுக்குமான உறவு அந்த நாலு நாளோடு முடிந்தது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வயதில் அவனுடைய வாய் குண்டூசி முனையை விடச் சிறியது. முட்டைக்கோஸ் இலை ஊறிய தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் முதல் உணவு. இரண்டொரு நாளில் ஓட்ஸ் கூழில் வளர்த்த நுண்புழு. பிறகு ஆர்ட்டீமியா. உப்புத் தண்ணீரில் அதன் முட்டைத் தூளைப் போட்டுக் காற்றுக் குழாய் விட்டால் ஒரு நாளில் ஆரஞ்சு நிறத்தில் துடிக்கும் உயிர்த்துகள்கள். குஞ்சுகள் தின்றனவா என்பதற்குச் சாட்சி வேறு வேண்டாம். கண்ணாடிபோல் தெரியும் வயிறு ஆரஞ்சாக மாறிவிடும். டார்ச் அடித்து அந்த ஆரஞ்சுப் புள்ளிகளை எண்ணுவதுதான் என் காலை வேலையாக இருந்தது.

மூன்று நாலு வாரத்தில் அவனுக்குள் இன்னோர் உறுப்பு உருவானது. தலையில் செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக, இரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அறை. அதன் மூலம் மீன் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும். தமிழருக்கு இது புதிதல்ல. நம் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், 1791-இல் குளக்கரைப் பனையில் ஏறிக்கொண்டிருந்த அந்த மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சாயிற்று. ஃபைட்டர் பனை ஏறாது. ஆனால் சேறாகிப்போன குட்டையிலும் சாகாது.

இந்த உறுப்பு உருவாகும் நாட்களில்தான் குஞ்சுகள் கொத்தாகச் சாகும். அதற்கு முந்தைய மார்கழியில் என் முதல் ஈடு, பாட்டிலை எட்டும் முன்பே, அப்படித்தான் போயிற்று. பெரிய பாட்டில் ஒன்றில் வெந்நீர் நிரப்பி மிதக்கவிட்டுத் தண்ணீரை இளஞ்சூடாக வைத்திருந்தேன். மேலே மூடி போடவில்லை. ஒரு நாள் இரவு ஜன்னலையும் அடைக்க மறந்தேன். குஞ்சுகள் முதன்முதலாகக் காற்றுக் குடிக்க மேலே வந்த இடத்தில் குளிர்காற்று நின்றது. விடிந்தபோது டப்பின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தன. தண்ணீரின் சூடும் அதன்மேல் நிற்கும் காற்றின் சூடும் ஒத்துப்போக வேண்டும் என்பதை நாற்பது உயிர்களைக் கொடுத்துக் கற்றேன். இந்த முறை ஆவணிப் புழுக்கத்திலும் மேலே பிளாஸ்டிக் தாள் இருந்தது.

காற்றுக் குடிக்கும் அந்த உறுப்பில்தான் அவனுடைய முன்னோரின் ஊர் இருக்கிறது. தாய்லாந்தின் நடுவே ஓடும் சாவ் பிரயா ஆற்றுப்படுகை. நெல்வயல்கள், வாய்க்கால்கள், புல் மண்டிய சதுப்புகள். மழைக்காலத்தில் எல்லை தெரியாத தண்ணீர். கோடையில் எருமைக் குளம்படியில் தேங்கிய அளவுக்குச் சுருங்கிய தண்ணீர். காட்டு ஃபைட்டரை நேரில் பார்த்தால் பலருக்கு ஏமாற்றம்தான். மண்ணும் பாசியும் கலந்த நிறம், குட்டை வால். ஆனால் எதிரில் இன்னோர் ஆண் வந்து செவுள் மூடியை விரித்தால் நீலமும் பச்சையும் சிவப்பும் பற்றிக்கொள்ளும். தன் கூட்டுக்காக நடக்கும் அந்தச் சண்டையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தோற்றவன் ஓடிவிடுவான், ஓட இடம் இருக்கிறது.

ஓட இடமில்லாத ஜாடிக்குள் அதை விட்டுப் பந்தயம் கட்டிய நாளிலிருந்து மீனின் தலைவிதி மாறியது. நீண்ட நேரம் பின்வாங்காமல் கடிக்கும் ஆண்களையே தேர்ந்தெடுத்து இனம் சேர்த்தார்கள். சயாமில், அதாவது பழைய தாய்லாந்தில், இந்தப் பந்தயத்துக்கு அரசு உரிமம் கொடுத்து வரி வாங்கிய காலமும் உண்டு. இந்த மீனை மனிதர் வளர்ப்பது எவ்வளவு பழைய பழக்கம் என்பதற்கு மீனின் உடலே சாட்சி சொன்னது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, குறைந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இந்த மீனை வளர்ப்பு மீனாக்கிவிட்டனர் என்று கண்டது. நம் வீட்டுத் தொட்டியில் நீந்துவது ஆயிரம் ஆண்டாக மனிதன் கைபட்ட உயிர்.

சயாம் அரசரிடமிருந்து கைமாறிய சில மீன்கள் 1840-இல் தியடோர் கேன்டரிடம் வந்ததாகச் சொல்வார்கள். அவர் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், அவரும் டேனிஷ்காரர். 1849-இல் அதைப் பற்றி எழுதியபோது வேறொரு மீனின் வகையென்று நினைத்துவிட்டார். லண்டன் அருங்காட்சியகத்தின் டேட் ரீகன் 1910-இல் அது தனி இனம் என்று கண்டு ‘பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ்’ என்று பெயரிட்டார். ‘ஸ்ப்ளென்டென்ஸ்’ என்றால் ஒளிர்வது. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள், மீன் ஐரோப்பியர் வீட்டுத் தொட்டிகளுக்குப் போயிருந்தது. 1927-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்த மீன்களில் சில, வெளிறிய உடலும் சிவந்த துடுப்புமாக இருந்தன. அதைப் புது இனமென்று எண்ணி ‘பெட்டா கம்போடியா’ என்றார்கள். உண்மையில் அது நிறம் மாறிய அதே மீன்.

எங்கள் டப்பில் அவனுக்கு நிறம் ஏறியது எட்டாவது வாரத்தில். சாம்பல் உடம்பில் முதலில் வால் ஓரம் நீலம். பிறகு செவுளின் கீழ் ஒரு பொட்டு. அதே வாரம் சண்டையும் வந்தது. ஒருவன் இன்னொருவனுடைய வாலைக் கடித்தான். பாட்டில் காலம் தொடங்கிவிட்டது.

ஆண்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்: அறுபத்திரண்டு. நான் சேர்த்திருந்தது ஐம்பது பாட்டில். மீதி பன்னிரண்டுக்கு அம்மா சமையல்கட்டிலிருந்து ஊறுகாய் பாட்டிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் எடுத்துக் கொடுத்தார். பெட்டைகள் ஒரே தொட்டியில் ஒன்றாக இருந்துகொண்டன. பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் இடையில் அட்டையை நறுக்கிச் செருகினேன். பக்கத்து மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விரித்த செவுளை மடக்காமல் களைத்துப்போய்விடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அறுபத்திரண்டு பாட்டிலின் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை முந்தின நாளே பிடித்துவைத்து, குளோரின் போன பிறகு, ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஒரு சுற்று முடிய இரண்டு மணி நேரம். கொளத்தூர் அண்ணன் சொன்ன மாசக்கணக்கு இதுதான். பாங்காக்குக்கு மேற்கே நகோன் பதோம் பண்ணைகளிலும் தட்டையான மதுபாட்டில்களை அடுக்கி இதே வேலையைத்தான் செய்கிறார்கள், எண்ணிக்கைதான் பெரியது.

இவ்வளவு சிறிய தண்ணீரில் அவனால் உயிரோடு இருக்க முடிகிறது என்பதே அவனுக்குக் கேடாயிற்று. காற்றைக் குடிப்பதால் குட்டைச் சேற்றில் பிழைத்த உயிர், கடையின் டம்ளரிலும் பிழைக்கும். பிழைப்பது வேறு, வாழ்வது வேறு. வளரும் மாதங்களில் பாட்டில் தவிர்க்க முடியாதது. ஆனால் அதுவே அவனுடைய கடைசி வீடாகிவிடக் கூடாது. ஒரு மீனுக்குப் பத்து லிட்டராவது தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு செடி, 26 முதல் 28 டிகிரி சூடு. அதைக் கொடுப்பவர் வீட்டில் இரண்டு மூன்று ஆண்டு இருப்பான்.

பாட்டில் வாரங்களில் அவன் வால் விரிந்தது. அந்த வாலிலும் பல நாட்டுக் கைகள் இருக்கின்றன. சண்டையை விட்டு அழகுக்காக வளர்த்தவர்கள் 1966-இல் அமெரிக்காவில் சர்வதேச பெட்டா சங்கம் தொடங்கினார்கள். 1980-களின் இறுதியில் அமெரிக்க, ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் வாலை 180 டிகிரிக்கு விரியவைத்தார்கள், அதுதான் ‘ஹாஃப்மூன்’. 1990-களில் இந்தோனேசியாவில் துடுப்பு முள் நீண்டு கிரீடமாக நிற்கும் ‘கிரவுன்டெயில்’ வந்தது. ‘மார்பிள்’ வகை பற்றி வளர்ப்பவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது: அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சிறையில் இருந்த கைதி ஒருவர் ஜாடிகளில் வளர்த்த மீன்களிலிருந்து அது கிடைத்ததாம். அந்த வகையின் மரபணுத் துண்டு ஒன்று இடம்விட்டு இடம் தாவும். அதனால் போன மாதம் வெள்ளையாக இருந்தவன் இந்த மாதம் கருநீலமாக இருப்பான். 2016-இல் தாய்லாந்துக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலத்தை உடம்பில் தாங்கிய ஒரு மீன் 53,500 பாத்துக்கு ஏலம் போயிற்று. 2019-இல் தாய்லாந்து இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

வால் அழகில் எனக்கு மயக்கம் உண்டு. அதனால்தான் இதையும் சொல்கிறேன்: அளவு மீறி வளர்த்த வால் மீனுக்குச் சுமை. மேலே வந்து மூச்சு வாங்கவே அது போராடும். சில மீன்கள் தம் வாலையே கடித்துக் குதறிக்கொள்ளும். குட்டை வால் மீனைக் கடைகளில் ‘பிளக்காட்’ என்பார்கள். தாய்லாந்துப் பெயர்தான் அப்படி நம் வாய்க்குள் வந்து உருண்டிருக்கிறது. அம்பு மாதிரி நீந்துகிற அந்த வகையைத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வேன். நம் கதைநாயகனும் பிளக்காட்தான்.

மூன்றரை மாதத்தில் அவன் புறப்பட்டான். முந்தின நாள் தீனி இல்லை. வயிறு காலியாக இருந்தால் பை நாறாது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. ரப்பர் பேண்டு போட்டு, அதன் மேல் இன்னொரு பை. அதைச் செய்தித்தாளில் சுருட்டினேன். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். சந்தைக்குப் பாதியைக் கொடுத்தேன். மீதியை, தொட்டி வைத்திருப்பதைப் படம் பிடித்துக் காட்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தேன். அவனை வாங்கிப்போனவள் அம்பத்தூரில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி.

அவளிடம் ஒரு செய்தியும் சொல்லி அனுப்பினேன். நுரைக்கூடு கட்டும் மீன் நம் வயல்களிலும் உண்டு. ‘சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ்’ என்று பெயர், விரல் நீளம்கூட இருக்காது. 1831-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அதை விவரித்தபோது, புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றை வைத்தே ‘குபானஸ்’ என்று பெயரிட்டார். நம் ஊர் வாய்க்காலில் புல்லுக்கடியில் அதன் தகப்பனும் நுரை கட்டுகிறான். சயாமின் மீனைக் கொண்டாடுகிறவர்கள் அரியாங்குப்பத்து மீனின் வாய்க்காலையும் காக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடாது: வேண்டாமென்று ஆன ஃபைட்டரைக் குளத்திலோ ஏரியிலோ கொட்டுவது. அது நம் மீனின் வீட்டுக்குள் அந்நியனைத் தள்ளிவிடுவதாகும்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

“அண்ணா, தண்ணிக்கு மேல ஏதோ நுரை நுரையா இருக்கு. மீனுக்கு உடம்பு சரியில்லையா?”

படம் அனுப்பச் சொன்னேன். தொட்டியின் மூலையில், செடியின் இலைக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு நுரை. சின்னச் சின்னக் குமிழ்கள், ஒன்றோடொன்று நெருக்கமாக. அதற்குக் கீழே அவன், வால் ஓரத்து நீலத்தோடு. அவன் கண் திறந்து நீந்திய நாளிலேயே தகப்பனை எடுத்துவிட்டேன். கூடு கட்டுவதை யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. பக்கத்தில் பெட்டையும் இல்லை, முட்டையும் வரப்போவதில்லை. சண்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த பிறகும், ஓய்வாக இருக்கிற நேரத்தில் அவன் செய்தது இதைத்தான்.

“நல்லா இருக்கான்மா. கூடு கட்டியிருக்கான்.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தயங்கிக் கேட்டாள்.

“அப்போ ஒரு ஜோடி வாங்கி விடட்டுமாண்ணா?”

“எத்தனை பாட்டில் வச்சிருக்கம்மா?” என்றேன்.